நன்றி என்பது அறிவு

(நீலமலைத் தேயிலைத் தோட்ட மக்களின் பொங்கல் விழாவில், பொதுவிருந்துக்கு முன் ஆற்றப்பெற்ற உரை)



அடுப்பில் பானை ஏறிவிட்டது. பால் பொங்குவதற்கும் இலை விரிப்பதற்கும் இடைப்பட்ட சிறுபொழுதே இவ்வுரைக்கு வாய்த்த பொழுது. பசித்திருப்போர்முன் நெடுநேரம் பேசுதல் அறமன்று. ஆகலின், இன்றைய விருந்தைப் பற்றிய ஒரே ஒரு வினாவை எடுத்துக்கொண்டு, அதற்கு விடை காண்பதோடு இவ்வுரை நிறைவுறும்.

வினா இதுதான்: வயல் இல்லாதவர்க்குப் பொங்கல் எதற்கு?

தஞ்சையிலும் நெல்லையிலும் இவ்வினா எழாது. அங்கே தைத்திங்களில் நெற்கதிர் களத்திற்கு வருகிறது. புத்தரிசியைப் புதுப்பானையில் இட்டு, ஞாயிற்றையும் மழையையும் மாட்டையும் உழவர் போற்றுகின்றனர். காணும் கண்ணுக்கே பொருள் விளங்கும் விழா அது. இங்கே, கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 1,850 மீட்டர் உயரத்தில் உள்ள குன்னூர் மலைச்சரிவில், நெல் விளைவதில்லை, கரும்பு விளைவதில்லை, மஞ்சளும் விளைவதில்லை. சரி, தேயிலைக்கேனும் இஃது அறுவடைக் காலமா என்றால், அதுவும் அன்று. தேயிலை தழைத்துத் துளிர்ப்பது கோடைமழைக்குப் பின்னரும், மீண்டும் ஐப்பசியை ஒட்டியும் ஆகும். தைத்திங்களிலோ, வானம் தெளிந்த இரவுகளில் பள்ளத்தாக்குகளில் உறைபனி இறங்குகிறது. விடியற்காலையில் புல்வெளி சுண்ணம் தூவியதுபோல் வெளுத்துக் கிடக்கிறது. வெயில் ஏறியதும் இளந்தளிர்கள் கருகிப் போகின்றன. சிறுதோட்டக்காரர்கள் தாகைச்செடிகளை வெட்டி வந்து தேயிலைமேல் பரப்பிக் காக்கின்றனர். கொழுந்து குறைகிறது, கூடை நிறைய மறுக்கிறது.

விளைச்சல் குன்றிய திங்களில், வயல் இல்லாத மக்கள், விளைச்சல் விழா எடுக்கின்றனர்! இஃது என்ன பொருத்தம்? கீழ்நாட்டுப் பழக்கத்தைப் பொருளறியாது மலைமேல் சுமந்துவந்த செயலா? அன்று, அன்று. வயல் உடையவர்க்குப் பொங்கல் எத்துணை உரியதோ, அதனினும் மிகுதியாக வயல் இல்லாதவர்க்கு அஃது உரியது. எவ்வாறு என்பதைக் காண்போர் முதலில் "நன்றி" என்னும் சொல்லைக் காண வேண்டும்.

இந்நாளில் நன்றி என்பது நாவளவில் நிற்கும் ஒரு முறைமொழி ஆகிவிட்டது. கூட்டம் முடிந்தால் நன்றியுரை. மடல் முடிந்தால் நன்றி. கடையில் பொருள் வாங்கினாலும் நன்றி. பழந்தமிழிலோ நன்றி என்பது சொல்லப்படும் சொல் அன்று, செய்யப்படும் செயல். 'நல்' என்னும் அடியிற் பிறந்து, நன்மை என்னும் பொருளில் வழங்கிய சொல் அது. ஒருவர் பிறர்க்குச் செய்த நன்மையே செய்ந்நன்றி. திருக்குறளின் பதினோராம் அதிகாரத்தின் தலைப்பு "செய்ந்நன்றி கூறல்" அன்று. "செய்ந்நன்றி அறிதல்" என்பதாம். அறிதல் என்னும் அச்சொல்லை ஊன்றி நோக்குக!

செய்தவர் யார், செய்தது என்ன, என்ன இடர்ப்பட்டுச் செய்தார், எந்த வேளையில் செய்தார் என்று அறிவதே தமிழர் கண்ட நன்றியுணர்வு. அறியாத நன்மைக்குச் சொல்லும் நன்றி வெறும் ஓசை. ஆகவே, பொங்கல் நாள் என்பது உண்டு மகிழும் நாள் மட்டும் அன்று. ஆண்டுக்கு ஒருமுறை கடன்கணக்குப் பார்க்கும் நாள். இன்னின்னார்க்கு இன்னின்ன கடன்பட்டிருக்கிறோம் என்று ஊரார் ஒருங்கிருந்து அறியும் நாள்.

அந்தக் கணக்கை இந்தப் பானையிலிருந்தே தொடங்கலாம். பானையில் உள்ள அரிசி எங்கிருந்து வந்தது? காவிரிப் பாசனத்திலோ பவானிப் பாசனத்திலோ, சேற்றில் கால் புதைய நின்று ஒரு பெண் நட்ட நாற்று அது. வெல்லம், சமவெளியில் கொப்பரை அடுப்பின் வெக்கையில் நின்று ஒருவன் காய்ச்சிய கரும்புச்சாறு. பானைக் கழுத்தில் கட்டிய மஞ்சட்கொத்து, கொங்குநாட்டுச் செம்மண் ஈந்தது. இவையனைத்தும் மேட்டுப்பாளையத்துச் சாலையில், கொண்டை ஊசி வளைவுகளை இரவோடு இரவாகக் கடந்து, சரக்குந்துகளில் மலையேறி வந்தவை. கண்விழித்து ஓட்டியவர் ஒருவர். முதுகில் சுமந்து இறக்கியவர் மற்றொருவர்.

உழவன் தன் விளைவுக்கு ஞாயிற்றையும் நிலத்தையும் எருதையும் நினைக்கிறான். வயல் இல்லாதவனோ அம்மூன்றோடு உழவனையும் சேர்த்து நினைக்கக் கடமைப்பட்டவன். அவன் கணக்கேடு பெரிது. ஆகவேதான் அவனுக்குப் பொங்கல் மிகுதியும் உரியது. அன்றியும், ஞாயிற்றின் அருமையை உறைபனியில் விறைத்த விரல்களைக் காட்டிலும் நன்கு அறிந்தவர் யார்? வெயில் சுடும் நாட்டில் கதிரவனைப் போற்றுதல் கடமை. பனி உறையும் மலையில் அவனைப் போற்றுதல் பட்டறிவு.

இனி, அதே கணக்கேட்டைப் புரட்டி மறுபுறம் நோக்குக. மலை, சமவெளிக்குக் கடன்பட்டது உண்மை. சமவெளி மலைக்குப் பட்ட கடனை அறிந்திருக்கிறதா? சென்னையிலும் மதுரையிலும் விடியலில் ஒரு குவளைத் தேநீர் இன்றிக் கண்விழிப்போர் அரியர். அக்குவளையைக் கையில் ஏந்தும்போது, அதற்குள் இருக்கும் உழைப்பை எத்துணைப் பேர் எண்ணுகின்றனர்? ஒரு கிலோ தேயிலைத்தூள் ஆவதற்கு நான்கு கிலோவுக்கு மேற்பட்ட பசுங்கொழுந்து வேண்டும். இரண்டு இலையும் ஒரு கொழுந்துமாக ஆயிரக்கணக்கான முறை விரல் மடங்கினாலன்றி அந்நான்கு கிலோ சேராது. முதுகிற் கூடை, காலில் அட்டை, மழையில் நெகிழித்தாள் போர்வை, செடிமறைவில் கரடியோ காட்டெருமையோ நிற்குமோ என்னும் அச்சம், சரிவில் ஒருகால் மேலும் ஒருகால் கீழுமாக நாள் முழுதும் நிற்றல். இத்துணையும் பட்டவர்களுள் பெரும்பான்மையோர் பெண்டிர். தேநீரின் நிறத்தையும் மணத்தையும் புகழ்வோர் பலர். கொழுந்து கிள்ளிய விரலைப் புகழ்வோர் எவருளர்?

இம்மக்கள் இங்கு வந்து சேர்ந்த வரலாறும் அக்கணக்கேட்டில் எழுதப்பட வேண்டியதே. இளையோர் செவிகொடுத்துக் கேட்க.

பத்தொன்பதாம் நூற்றாண்டில், பஞ்சமும் கடனும் வாட்ட, திருச்சி, மதுரை, இராமநாதபுரம், புதுக்கோட்டை, சேலம் முதலிய பகுதிகளிலிருந்து தமிழர் கங்காணிகளின்பின் இலங்கைக்குச் சென்றனர். மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளை நோக்கி நடந்தனர். நோயாலும் பசியாலும் வழியிலேயே மடிந்தோர் பலர். எஞ்சியோர் காடு திருத்திக் காப்பி நட்டனர். 1869-க்குப் பின் இலைநோய் பரவிக் காப்பி அழிந்தது. அம்மண்ணிலேயே தேயிலை தழைத்தது. இலங்கையின் வளம் அவர்தம் முதுகின்மேல் எழுந்தது. அதற்கு அந்நாடு செய்த கைம்மாறு யாது? 1948-இல், விடுதலை பெற்ற அதே ஆண்டில், குடியுரிமைச் சட்டம் ஒன்றை இயற்றி, அவர்களை நாடற்றவர் ஆக்கியது!

1964 அக்குதோபர் 30-ஆம் நாள் சிரிமாவோ – சாத்திரி உடன்பாடு கையெழுத்தாயிற்று. நாடற்றோர் 9,75,000 பேர் என்று கணக்கிட்டனர். இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, எஞ்சிய 1,50,000 பேரைப் பின்னர்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டனர். 1974-இல் அந்த எச்சத்தையும் இரு நாடுகளும் ஆளுக்குப் பாதியாகப் பகிர்ந்துகொண்டன. ஆட்டுமந்தையைப் பங்கிடுவோரும் ஆடுகளின் தாயையும் குட்டியையும் பிரிக்கத் தயங்குவர். அம்மக்களைக் கலந்து எழுதப்பெற்றதன்று அவ்வுடன்பாடு. அதனால் அண்ணன் ஒரு நாட்டுக்கும் தங்கை மறு நாட்டுக்கும் உரியர் ஆயினர்.

தலைமன்னாரில் கப்பலேறி, இராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் தங்கி, நான்கு நூறாயிரத்துக்கும் மேற்பட்டோர் தமிழகம் வந்தனர். அவர்களுள் ஒரு பகுதியினர்க்கு வாழ்வளிக்கவே தமிழ்நாட்டரசு 1968-இல் நீலமலையில் தேயிலைத் திட்டத்தைத் தொடங்கியது. 1975-இல் அது தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகமாக உருப்பெற்றது. சேரம்பாடி, சேரங்கோடு, நெல்லியாளம், பாண்டியார், குன்னூர், கோத்தகிரி என்று தோட்டங்கள் எழுந்தன. "தாயகம் திரும்பியோர்" என்று தாள்களில் எழுதினர். அவர்களுள் பலர் அத்தாயகத்தை அதற்குமுன் கண்ணாலும் கண்டதில்லை. அங்கே "இந்தியத் தமிழர்" என்று விலக்கப்பட்டவர்கள், இங்கே "சிலோன்காரர்" என்று சுட்டப்பட்டனர்.

அவ்வாறு வந்த ஒரு முதுதாயை எண்ணிப் பாருங்கள். அட்டன் மலைச்சரிவில் பிறந்தவள். இருபது அகவையில் ஒரு தகரப்பெட்டியோடு மண்டபத்தில் இறங்கியவள். அட்டை கடித்த அதே கால்களோடு நீலமலை ஏறியவள். பொங்கல் விடியலில் வரிசைவீட்டு வாசலில் மூன்று கல் கூட்டி அவள் அடுப்பு மூட்டுகிறாள். பள்ளியில் படிக்கும் பேத்தி கேட்கிறாள்: "அம்மாயி, நமக்குத்தான் வயலே இல்லையே! எதுக்குப் பொங்கல் வைக்கிறோம்?" அவள் விறகைத் தள்ளிவிட்டுக்கொண்டே சொல்கிறாள்: "வயல் இல்லாட்டி என்ன கண்ணு, வயிறு இருக்குதுல்ல? அதை நிரப்புனவங்களை ஒரு நாளாச்சும் நெனைக்க வேணாமா?" கல்லூரிகளில் தேடினாலும் இதனினும் சிறந்த விளக்கம் கிடைப்பதரிது. எழுத்தறியாத் தாய் ஒருத்தியின் நாவில் செய்ந்நன்றி அறிதல் இவ்வாறு குடியிருக்கக்கூடும் என்பதே தமிழினத்தின் பெருமை.

கணக்கு இன்னும் முடியவில்லை. தேயிலை வருமுன் இம்மலை யாருடையது? தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் ஆகியோர் வாழ்ந்த மலை. படகர் உழுது பயிரிட்ட மலை. சோலைக்காடுகளை அழித்தும் புல்வெளிகளைக் கிளறியுமே தேயிலை நடப்பெற்றது. நட்ட கைகள் கூலிக்கு உழைத்தவர் கைகளே எனினும், இழந்தோர் இழப்பு இழப்பே. அவரும் நன்றியறிவில் எவர்க்கும் இளைத்தவர் அல்லர். கோத்தர் மார்கழி, தைத்திங்களை ஒட்டித் தம் தெய்வத்திற்கு எடுக்கும் பெருவிழாவில், தம் பெண்டிர் வனைந்த புதுக்கலங்களில் சிறுகூலம் சமைத்து ஊரார் ஒருங்கே உண்பர். புதுப்பானை, புதுக்கூலம், பொதுவிருந்து: பொங்கலின் உடன்பிறப்பன்றோ அது? மொழியால் தமிழோடு ஒரு குடும்பத்தவர். உணவால் ஒரே பண்பினர். அவர்தம் மலையில் இருந்துகொண்டு அவரை அறியாதிருத்தல் நன்றி மறத்தலேயாம்.

அறியாத நன்றி எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு அமெரிக்க நாடு ஒரு பாடம். 1621-இல் பிளிமத்துக் குடியேறிகள் தம் முதல் விளைச்சலைக் கொண்டாடியபோது, வாம்பனோக் பழங்குடியினரும் உடனிருந்து உண்டனர். அம்மண்ணில் மக்காச்சோளம் பயிரிடும் முறையைக் குடியேறிகளுக்குக் கற்பித்தவர்கள் அப்பழங்குடியினரே. அவ்விருந்தின் நினைவு இன்று நவம்பர்த் திங்கள் நான்காம் வியாழன்தோறும் நன்றிநாளாகக் கொண்டாடப்படுகிறது. ஆனால், விருந்துண்டு அரை நூற்றாண்டு கடந்த சில ஆண்டுகளிலேயே, உடனுண்ட அம்மக்களோடு பெரும்போர் மூண்டது; அவர்கள் நிலமிழந்தனர். 1970 முதல் அவர்தம் வழிவந்தோர் அந்நன்றிநாளைத் துயர்நாளாகக் கடைப்பிடித்து வருகின்றனர். நன்றி சொல்லப்பட்டது, செய்ந்நன்றி அறியப்படவில்லை. அப்பழி இந்த மலையில் நேராதிருக்கட்டும்!

இங்கே மற்றொன்றும் தெளிவுறுத்தப்பட வேண்டும். நன்றியறிவு வேறு, அடிமையுணர்வு வேறு. "வேலை கொடுத்தோம்; வீடு கொடுத்தோம்; ஆகவே வாய்திறவாதே" என்று சொல்வோர் என்றும் உளர். அவர்கள் நன்றியைக் கடிவாளமாக மாற்றுகின்றனர். அறிதல் ஒருவழிப் பாதையன்று. கூலி பெற்றவன் கொடுத்தவனை அறிய வேண்டுமாயின், உழைப்புப் பெற்றவன் உழைத்தவனை அதனினும் அறிய வேண்டும். 2015 செபுதம்பரில், அண்டையிலுள்ள மூணாற்றில், கொழுந்து பறிக்கும் தமிழ்ப்பெண்டிர் ஆயிரக்கணக்கில் சாலையில் அமர்ந்தனர். ஆணையிட்ட தலைவர் எவருமில்லை. தொழிற்சங்கங்களையும் ஒதுக்கி வைத்துவிட்டுத் தாமே நின்றனர். குறைக்கப்பட்ட மிகையூதியத்தை இருபது விழுக்காடாக மீட்டனர். அவர்கள் நன்றி கெட்டவர்களா? அல்லர். தம் உழைப்பை மறந்தோர்க்கு அதனை நினைவூட்டியவர்கள். உரிமை கேட்பது நன்றிகேடாகாது. செய்ந்நன்றியை அறியச் செய்வதும் அறமே.

இத்தோட்டங்களின் இன்றைய நிலையும் அவ்வறத்தை வேண்டி நிற்கிறது. 2022-இல் தேயிலைத் தோட்டக் கழகத்தின் நிலத்தில் இரண்டாயிரம் எக்டேருக்கு மேல் காட்டுத்துறைக்குத் திருப்பி அளிக்க அரசு ஆணையிட்டது. காடு மீள்வது நல்லதே. சோலை தழைத்தால்தான் ஆறு ஓடும், சமவெளி விளையும். ஆனால், அந்நிலத்தில் அரை நூற்றாண்டு உழைத்த குடும்பங்களின் நிலை என்ன என்னும் வினாவை எவரும் தாண்டிச் செல்லலாகாது. பணி ஓய்வு பெறும் நாளில் கூரையும் போய்விடுமோ என்று அஞ்சும் முதியோர் தோட்டந்தோறும் உளர். இருமுறை வேரோடு பிடுங்கி நடப்பட்ட செடியை மூன்றாம் முறையும் பிடுங்குவது முறையா? காட்டுக்கு நன்றி செய்வோர், காட்டைத் தோட்டமாக்கும் பணிக்கு அழைத்துவரப்பட்டவரையும் மறத்தல் ஆகாது.

பிறரிடம் கணக்குக் கேட்போர் தம் கணக்கையும் நேர்செய்தல் வேண்டும். இன்று இப்பானையில் வீட்டுக்கு ஒரு பிடி அரிசி விழுந்திருக்கிறது. எந்தப் பிடி யார் வீட்டது என்று இப்போது எவராலும் பிரித்துக் காட்ட முடியுமா? முடியாது. அதுவே இவ்விருந்தின் மாண்பு. பானைக்குள் இல்லாத சாதி, பந்தியில் எவ்வாறு வந்தது? தோட்டத்தில் ஒரே நிரையில் நின்று கொழுந்து பறிப்போர், விருந்தில் வேறுவேறு நிரையில் அமர்வராயின், அப்பொங்கல் பால் திரிந்த பொங்கலே. இலங்கையில் நாடற்றவர் என்று ஒதுக்கப்பட்டபோது சாதி பார்த்தா ஒதுக்கினர்? ஒருங்கே இழிவுபட்டோர் ஒருங்கே உண்ணத் தயங்குவது அறியாமையின் எல்லை.

தோட்டத்தின் கீழ்க்கோடி வீடுகளைப் பாருங்கள். அண்மை ஆண்டுகளில் சார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் வந்த குடும்பங்கள் அங்கே உள்ளன. அவர்க்குத் தமிழ் தெரியாது. அவர் மொழி ஊரார்க்குத் தெரியாது. பசியால் ஊர்விட்டு வந்து, தேயிலைக் கூடை சுமந்து, அயலவர் என்று ஒதுக்கப்படுதல் எத்தகையது என்பதை அறிய, இவ்வரிசைவீட்டு மக்கள் நூல் படிக்க வேண்டுவதில்லை. தம் பாட்டியைக் கேட்டாற் போதும். தமிழர் தம் மொழியையும் மண்ணையும் உரிமையையும் விழிப்போடு காத்தல் வேண்டும், அதில் ஐயமில்லை. ஆனால், ஏழைக் கூலியைப் பகைத்துக் காக்கப்படுவதன்று தமிழ். அவனுக்கு இலையிட்டு, "சோறு" என்னும் முதற்சொல்லைக் கற்பித்து வளர்வது தமிழ். "தேயிலை" என்னும் சொல்லையே நோக்குக! "தே" சீனத்திலிருந்து வந்தது. "இலை" தமிழ் ஈந்தது. வந்த சொல்லுக்கும் இலையிட்டு விருந்தோம்பிய மொழி இது!

ஆகவே, இவ்விருந்துக்குப் பின் செய்யத்தக்கன மூன்று. ஒன்று: இளையோர் ஒவ்வொருவரும் தம் வீட்டு முதியோரிடம் அமர்ந்து, எவ்வூரினின்று இலங்கை சென்றனர், எத்தோட்டத்தில் உழைத்தனர், எந்நாளில் கப்பலேறினர் என்பவற்றைக் கேட்டு, ஒரு சுவடியில் எழுதி வைத்தல் வேண்டும். அம்முதியோரோடு அவ்வரலாறும் மறைந்துவிட இடந்தரலாகாது. இரண்டு: ஆண்டுதோறும் பொங்கற் பந்தியில், மலையின் பழங்குடியினர்க்கும் புதிதாய் வந்தோர்க்கும் முதல் நிரையில் இலையிடுதல் வேண்டும். மூன்று: ஓய்வுபெற்றோர்க்கு வீடு, உழைப்புக்கேற்ற ஊதியம் என்னும் உரிமைகளை, சாதியாலும் கட்சியாலும் பிரியாது ஒரே குரலாய்க் கேட்டல் வேண்டும்.

வயல் இல்லாதவர்க்குப் பொங்கல் எதற்கு என்னும் வினாவுக்கு இனி விடை கூறலாம். பட்ட கடனை அறிவதற்கு. பிறர் பட்ட கடனை அவர்க்கு உணர்த்துவதற்கு. இரண்டையும் ஒரே பந்தியில் அமர்ந்து செய்வதற்கு.

அதோ, பனிமூட்டம் விலகிக் கதிர் எழுகிறது. பால் விளிம்பை எட்டுகிறது. எல்லீரும் எழுந்து, எல்லார்க்கும் கேட்க, ஒரே குரலாய் முழங்குக:

பொங்கலோ பொங்கல்! பொங்கலோ பொங்கல்!